தொப்பியும் தலைப்பாகையும்: யார் கையால் தலைக்கு வந்தன?

வேலூரில் இளங்கலை இலக்கியம் பயிலும் மாணவி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாக அணியும் ஒரு பொருளுக்கு இலக்கியத்திலும் உடை நாகரிகத்திலும் பண்பாட்டிலும் இத்தனை பொருள் எப்படி வந்து சேர்ந்தது? நம் ஊர்க் கோட்டையில் 1806இல் சிப்பாய்கள் உண்மையாகவே ஒரு தொப்பிக்காகத்தான் உயிரை விட்டார்களா, அல்லது அது வெறும் சாக்கா?" இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்று நான் கருதுவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெயிலே காரணம் என்றால் வேலூர்தான் நாட்டிலேயே அதிகமாகத் தொப்பி அணியும் ஊராக இருக்க வேண்டும். கத்திரி வெயிலில்கூட இங்கே பெரும்பாலோர் வெறுந்தலையோடு நடக்கிறார்கள். மிஞ்சினால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் சுற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அதே மனிதரின் தலையில், வாழ்வின் முக்கியமான சில நாட்களில், பிறர் வந்து துணி கட்டுகிறார்கள். தந்தையின் கருமாதி முடிந்ததும் மாமன் மைத்துனர் முறையுள்ளவர்கள் மகனுக்குப் புதுத்துணியைத் தலைப்பாகையாகக் கட்டி, இனி இவனே இந்த வீட்டுக்குப் பொறுப்பு என்று ஊர் அறியச் செய்கிறார்கள். கோயிலில் அர்ச்சகர் பரிவட்டம் கட்டுகிறார். அரபுக் கல்லூரிகள் பலவற்றில் ஆலிம் (மார்க்க அறிஞர்) பட்டம் பெறும் மாணவரின் தலையில் ஆசிரியரே தலைப்பாகை கட்டிவிடுகிறார். வேட்டியையும் சட்டையையும் நாமே உடுத்திக்கொள்கிறோம். தலையில் ஏறும் பொருளோ பெரும்பாலும் இன்னொருவர் கையால், பலர் பார்த்திருக்க, ஏறுகிறது. ஆகவே ஒரு கதையிலோ வரலாற்றிலோ தொப்பி, முடி, தலைப்பாகை எதைக் கண்டாலும் அதன் வடிவத்தையும் நிறத்தையும் ஆராய்வதற்கு முன், அது யார் கையால் அந்தத் தலைக்கு வந்தது, அதை எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் பொருளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

இனி வேலூருக்கு வருகிறேன். 1805 நவம்பரில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த சர் ஜான் கிரடாக்கின் ஒப்புதலோடு, இந்தியச் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டது. பெயர்தான் தலைப்பாகை; பார்வைக்கு அது ஐரோப்பியர் அணியும் வட்டத் தொப்பியைப் போலிருந்தது, அதன் முகப்பில் தோலால் ஆன குஞ்சம் ஒன்றும் இருந்தது. அதைத் தொடர்ந்து வந்த படை விதிகள், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் அணியக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும் என்றன. தோல் பதனிடுதலையே பிழைப்பாகக் கொண்ட ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் சூழ வாழும் நமக்குத் தோலைப் பற்றிய அச்சம் உடனே விளங்காமல் போகலாம். ஆனால் பசுவின் தோலா பன்றியின் தோலா என்று தெரியாத ஒன்றை நெற்றிக்கு மேல் தாங்குவது இந்து, முஸ்லிம் இரு தரப்புச் சிப்பாய்களுக்கும் பொறுக்க முடியாததாக இருந்தது. தொப்பி அணிந்தவர் என்றாலே அக்காலத்தில் ஐரோப்பியர் என்று பொருள். ஆகவே இது தங்களைக் கிறிஸ்தவர்களாக மாற்றுவதற்கான முதற்படி என்ற பேச்சும் பரவியது.

அந்த விதிகளை மற்றொரு கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கடுக்கன் தானாகக் காதில் ஏறியதன்று; தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்திய நாளில் வந்தது. நெற்றிக் குறி குலதெய்வத்தின் முன்னும் கோயிலிலும் பெற்றது. தாடி மார்க்கத்தின் வழக்கம். தலைப்பாகை கட்டும் முறை ஊரும் உறவும் கற்றுத்தந்தது. அதாவது, சிப்பாயின் தலையில் இருந்தவை அனைத்தும் அவனுக்கு உரியவர்கள் அவனுக்குக் கொடுத்தவை. அவற்றை ஒவ்வொன்றாகக் களையச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஓர் அதிகாரி தன் கையால் வேறொன்றை வைத்தபோது, இந்தத் தலை இனி யாருடையது என்ற கேள்வி எழுந்துவிட்டது. கம்பெனி அதிகாரிகள் இதை ஒழுங்கு, தோற்றம் என்ற கணக்கில் பார்த்தார்கள். சிப்பாய்கள் உறவு என்ற கணக்கில் பார்த்தார்கள்.

1806 மே மாதத்திலேயே வேலூரில் இருந்த 4ஆம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்துச் சிப்பாய்கள் புதிய தலைப்பாகையை ஏற்க மறுத்தார்கள். இருபத்தொருவர் விசாரணைக்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. எஞ்சிய பத்தொன்பது பேருக்கு விதித்த 500 கசையடி, அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் நிறைவேற்றப்படவில்லை. மறுத்த பட்டாளம் வேலூரிலிருந்து மாற்றப்பட்டது, ஆனால் மனத்தாங்கல் கோட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஜூலை 9ஆம் நாள் கோட்டை அரண்மனையில் திப்பு சுல்தானின் மகள் ஒருவரின் திருமணம் நடந்தது. 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார், ஐரோப்பிய வீரர்கள் நூறு பேருக்கு மேல் மடிந்தார்கள், மைசூர்க் கொடி ஏற்றப்பட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு விரைந்து வந்த ஆங்கில அதிகாரி கில்லெஸ்பி நண்பகலுக்குள் கோட்டையை மீட்டார். அதன்பின் பிடிபட்ட சிப்பாய்களில் பலர் விசாரணையின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது நம் பழமொழி. இங்கே தலைப்பாகைக்கு வந்தது நூற்றுக்கணக்கான தலைகளோடு போயிற்று.

அது வெறும் சாக்கு என்று சொல்பவர்களிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை. அரசன் இல்லாத கோட்டை என்று நம் கோட்டையைச் சொல்வதுண்டு. அன்று அங்கே திப்புவின் மைந்தர்களான, முடி இழந்த இளவரசர்கள் இருந்தார்கள், 1799இல் திப்பு வீழ்ந்தபின் வேலை இழந்து கம்பெனிப் படையில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள், 1801இல் ஆற்காட்டு நவாபின் ஆட்சியும் பறிபோனதால் மனம் கசந்தவர்கள் இருந்தார்கள். ஆயினும் இவர்கள் அனைவரையும் ஒரே நாளில் ஓரணியில் நிறுத்திய பொருள் எது என்று கேட்டால், தலைப்பாகையைத் தவிர வேறெதையும் சுட்ட முடியாது. கம்பெனியே அதை ஒப்புக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்: உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன, 1807இல் ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் தளபதி கிரடாக்கும் இங்கிலாந்துக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

வேலூர் நிகழ்வுக்கு இரண்டாண்டு முன்னர் ஐரோப்பாவில் நடந்த இரண்டு காரியங்களை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது பயன் தரும். 1804இல் ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் 'வில்ஹெல்ம் டெல்' அரங்கேறியது. அதில் கொடுங்கோலனான அதிகாரி ஒருவன் தன் தொப்பியை ஒரு கம்பத்தில் மாட்டி ஊர் நடுவே நட்டு, வருவோர் போவோர் எல்லாம் அதை வணங்க வேண்டும் என்று ஆணையிடுகிறான். தலையே இல்லாத தொப்பிக்கு வணக்கம் செலுத்த மறுத்த டெல், தன் மகன் தலைமேல் வைத்த ஆப்பிளை அம்பால் எய்ய நேர்கிறது. அதே 1804இன் டிசம்பர் 2ஆம் நாள், பாரிசில் போப்பாண்டவர் அருகிலிருக்க, நெப்போலியன் முடியைத் தன் கையாலேயே எடுத்துத் தன் தலையில் சூட்டிக்கொண்டான். எனக்கு மேலே முடி சூட்டும் கை எதுவும் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக அறிவிக்க முடியாது. அதற்கும் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1792 ஜூன் 20இல், பாரிஸ் மக்கள் அரண்மனைக்குள் புகுந்து பதினாறாம் லூயி மன்னனைச் சிவப்புப் புரட்சித் தொப்பியை அணிய வைத்திருந்தார்கள். மூன்று நிகழ்ச்சிகளிலும் பொருளைத் தருவது கைதான்.

நம் இலக்கியத்தில் இது இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கிறது. சங்க கால வேந்தர்களை அடையாளம் காட்டியவை தலையில் சூடிய கண்ணிகள்: சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட்டு, உள்ளே மற்றொரு சோழனான நெடுங்கிள்ளி அடைபட்டிருந்தபோது, புலவர் கோவூர்கிழார் இருவரையும் நோக்கி, "நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே" என்று பாடினார். நீ சூடியிருப்பதும் ஆத்தி, உன்னோடு பொருபவன் சூடியிருப்பதும் ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் சொல்ல வந்தது. போரை நிறுத்த ஒரு புலவர் காட்டிய சான்று, இரண்டு தலைகளில் இருந்த ஒரே பூ. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன், கண்ணகி சிலைக்கான இமயக் கல்லை, தான் வென்ற வடநாட்டு மன்னர்களான கனக விசயரின் முடித்தலையில்தான் ஏற்றுகிறான். தோளில் சுமக்க வைத்தாலும் கல் வஞ்சிக்கு வந்து சேர்ந்திருக்கும். தோற்றவன் தலைமீது வென்றவனின் கை என்பது தெரிய வேண்டியிருந்தது.

ஆயினும் முடி என்ற பொருளை வைத்து ஒரு காவியத்தையே நடத்திச் சென்றவர் கம்பர் என்பேன். தசரதன் இராமனுக்கு முடி சூட்ட நாள் குறிக்கிறான். கைகேயி அதைத் தடுத்து, பரதன் உலகை ஆள, இராமன் "தாழிருஞ் சடைகள் தாங்கி"க் காட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். முடி இருக்க வேண்டிய தலையில் சடை வந்து அமர்கிறது. பிறகு சித்திரகூடத்தில் பரதன் அண்ணனின் பாதுகைகளை வாங்கி, இவையே எனக்கு முடி என்று அழுத கண்ணோடு தலையில் சூடிக்கொள்கிறான். காலில் அணியும் பொருள் முடியாக மாறுவதற்கு அங்கே பொன்னும் மணியும் தேவைப்படவில்லை. கொடுத்த கை இராமனுடையது என்பது போதுமானதாக இருந்தது. இலங்கையில் இராவணனுக்கோ பத்து முடிகள் இருக்கின்றன. போர் முறையாகத் தொடங்கும் முன்பே சுக்கிரீவன் பாய்ந்து அவன் முடிமணிகளைப் பறித்து வந்து இராமன் திருவடியில் வைக்கிறான். முதல் நாள் போரில் தோற்ற இராவணன், "தாரணி மவுலி பத்தும்" களத்திலே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்குத் திரும்புகிறான். இறுதியில் அயோத்தியில் இராமனுக்கு முடி சூட்டும்போது, வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோர் எடுத்துக் கொடுக்க, வசிட்டன் வாங்கிப் புனைகிறான். தம்மை ஆதரித்த வேளாளர் குடியின் கையைக் கம்பர் அந்த இடத்தில் நுழைத்தது நன்றிக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. உழுபவன் கை எடுத்துக் கொடுக்காமல் அரசனின் தலைக்கு முடி வருவதில்லை என்ற ஓர் அரசியல் கருத்தும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வட ஆற்காட்டில் பிறந்தவர்கள் இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தெருக்கூத்தில் பார்த்திருப்பார்கள். செய்யாறு வட்டத்துப் புரிசை இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர். கூத்தின் தலையணிகளையும் புஜக்கட்டைகள் எனப்படும் தோளணிகளையும் எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் வண்ணக் காகிதமும் ஒட்டி அலங்கரிப்பார்கள். கிரீடம், சிகரேக்கு, பாகை என்று தலையணிகளில் வகை உண்டு. கூத்துப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, திரைக்கு மேலே தலையணியின் உச்சி தெரிந்தவுடனேயே வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பகலில் வயலில் நின்ற மனிதர் இரவில் கிரீடம் கட்டியவுடன், ஊரில் மரியாதைக்குரியவர்கள்கூட அவர் குரலுக்கு அடங்கித் தரையில் அமர்ந்து கேட்கிறார்கள். விடிந்ததும் கிரீடம் பெட்டிக்குள் போகிறது. அதிகாரம் மனிதனின் உடம்போடு பிறந்ததன்று, அவன்மேல் வைக்கப்படுவது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வைத்த கலை இது.

திரௌபதி அம்மன் திருவிழாவின் முடிவில் நடக்கும் படுகளத்தையும் இங்கே சொல்ல வேண்டும். துரியோதனனின் பெரிய மண் உருவம் தரையில் கிடக்கிறது. பீமன் தொடையைப் பிளக்கிறான். அவிழ்ந்த கூந்தலோடு இருந்த திரௌபதியின் தலை அப்போதுதான் முடிக்கப்படுகிறது. அரசவையில் ஒருவன் கை பட்டுக் கலைந்த தலை அது. பாரதக் கூத்து முழுவதையும் ஒரு கிரீடத்துக்கும் ஒரு கூந்தலுக்கும் இடையே நடக்கும் வழக்கு என்று பார்த்தால், பெண்ணின் தலை இந்தப் பண்பாட்டில் என்ன நிலையில் இருந்தது என்பதும் தெரியவரும்.

தொப்பியைப் பற்றிய நூல்கள் ஆணின் தலையையே பெரும்பாலும் பேசுகின்றன. நம் பெண்களுக்குத் தொப்பியோ தலைப்பாகையோ வழக்கத்தில் இல்லை. அந்த இடத்தில் பூ இருக்கிறது. சம்பந்தம் உறுதியானால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குப் பூ வைக்கிறார்கள். சீமந்தத்தில் பூச்சூட்டுகிறார்கள். கணவன் இறந்தால் அதே பூவைப் பிறர் கையால் எடுத்தார்கள், இன்றும் சில வீடுகளில் எடுக்கிறார்கள். வைப்பதும் பிறர், எடுப்பதும் பிறர், சூடியவளிடம் யாரும் கேட்பதில்லை. வேலூர்ச் சிப்பாய்களுக்கு மறுக்கத் தோன்றியது, மறுத்ததற்காக வரலாற்றில் இடமும் கிடைத்தது. தன் தலைப் பூவை எடுக்க விடமாட்டேன் என்று வீட்டுக்குள் நின்று மறுத்த பெண்களுக்கு எந்தச் சந்திப்பிலும் நினைவுத் தூண் இல்லை. இந்த வேறுபாடு எனக்கு எப்போதும் மனத்தை உறுத்துவது.

தன் தலையைத் தானே தீர்மானித்துக்கொண்டவர்களும் உண்டு. காசியில் படித்த இளமைக் காலத்திலிருந்து பாரதியார் கட்டத் தொடங்கிய முண்டாசு, அவர் பிறந்த குலத்தின் வழக்கத்துக்கு மாறானது. அவர் தலையில் அதை யாரும் வைக்கவில்லை. காந்தியின் வாழ்வில் இது பலமுறை நிகழ்ந்தது. 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னபோது அவர் மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது, நீதிமன்ற ஒழுங்குக்கு உட்பட்டுத் தாமே கழற்றினார், அதற்காக நண்பர்களின் வருத்தத்தையும் ஏற்றார். பின்னாளில் அவர் பெயரால் நாடெங்கும் கதர்க் குல்லாய் பரவியது. ஆனால் 1921 செப்டம்பர் 22இல் மதுரையில் அரையாடைக்கு மாறியபோது, தம் பெயரைத் தாங்கிய அந்தக் குல்லாயையும் அவர் விட்டுவிட்டார். அதன்பின் தொண்டர்கள் தலையில் குல்லாயும் தலைவர் தலையில் ஒன்றுமில்லாமையும் என்ற காட்சி கால் நூற்றாண்டு நீடித்தது.

அரசு ஆணையிட்டுத் தலையை மாற்றிய கதை வேலூரோடு முடியவில்லை. துருக்கியில் இரண்டாம் மஹ்மூத் சுல்தான் 1820களில் அதிகாரிகளின் தலைப்பாகையை நீக்கிச் சிவப்புத் துருக்கித் தொப்பியைக் கொண்டுவந்தார். அன்று அது மார்க்கத்துக்கு விரோதம் என்று எதிர்க்கப்பட்டது. நூறாண்டுக்குள் அதுவே மார்க்கத்தின் அடையாளமாகிவிட, 1925 நவம்பரில் அத்தாதுர்க்கின் அரசு அதைத் தடை செய்து ஐரோப்பியத் தொப்பியைச் சட்டமாக்கியது. எதிர்த்தவர்களில் சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே தொப்பி ஒரு காலத்தில் திணிப்பாகவும் மறு காலத்தில் உரிமையாகவும் இருந்தது என்பதால், பொருள் தொப்பியின் வடிவத்தில் உறைந்திருக்கவில்லை என்பது உறுதியாகிறது. தமிழில் 'குட்டி இளவரசன்' என்று பலரும் படித்த பிரெஞ்சுக் கதையில் இதன் நிழல் இருக்கிறது. துருக்கிய வானியலறிஞர் ஒருவர் ஒரு சிறு கோளைக் கண்டுபிடித்துத் தம் நாட்டு உடையில் வந்து சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஐரோப்பிய உடையில் வந்து அதையே மறுபடி சொன்னபோது அனைவரும் நம்பினார்கள். அந்தக் கதை தொடங்குவதே, பெரியவர்கள் தொப்பி என்று நினைத்துக்கொண்ட, யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்திலிருந்துதான்.

உடை நாகரிகத்தைப் பற்றிக் கேட்டதற்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியத் தொப்பி நாகரிகத்தில் தலையில் வைக்கும் கை கண்ணுக்குத் தெரியாது. சந்தையே அந்தக் கை. ஆனால் தொப்பியைச் செய்த கைகள் உண்டு. முயல் தோலின் மயிரை அமுக்கித் தொப்பித் துணியாக்கப் பாதரச நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைகால் நடுங்கியது, மனநிலை குலைந்தது. தோல் தொழிற்சாலைகளின் இரசாயனம் பாலாற்று நீரை என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காக வெண்கொக்குகள் இனப்பெருக்கக் காலத்தில் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டன. அதற்கு எதிராகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெண்களே முன்னின்று தொடங்கிய இயக்கங்களிலிருந்து பறவைப் பாதுகாப்பு அமைப்புகள் பிறந்தன. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை அதிகாரிகள் அணிந்த சோலா தொப்பியோ நம் குளக்கரைகளில் விளையும் நெட்டியால் ஆனது. வெள்ளையரின் தலைக்கு இந்திய வெயில் ஆகாது என்ற நம்பிக்கையால் வந்த அது, அவர்கள் ஆட்சியோடு போயிற்று, வெயில் குறைந்துவிடவில்லை.

வெறும் மறைப்பாக மட்டும் இருக்கும் தலையணி ஒன்றாவது உண்டா என்றால், நம் காலத்து இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைச் சொல்லலாம். அதில் குலமில்லை, சமயமில்லை, பட்டமில்லை. மண்டை ஓட்டைக் காப்பது ஒன்றே அதன் வேலை, அதனால் தயங்காமல் அணிய வேண்டியது. ஆயினும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவில், அதைக் கட்டாயமாக்கிய அதே இடத்திலேயே, தலைப்பாகை அணிந்து வாகனம் ஓட்டும் சீக்கியருக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். விபத்துக் கணக்கை மட்டும் பார்த்தால் இந்த விலக்குக்கு இடமில்லை. தலையில் ஏற்கெனவே ஒருவர் கட்டிவைத்தது இருக்கும்போது அதை அகற்றச் சொல்வதற்கு முன் அரசு தயங்க வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் கருதியிருக்கிறார்கள். 1805இல் உடை விதி எழுதியவர்களிடம் அந்தத் தயக்கம் இருக்கவில்லை.